இலவசத் தீர்ப்பு, 200 டாலர் புத்தகம்: சட்டப் பாடநூல்களை மின்பதிப்பு மலிவாக்குமா?

1924 ஆகஸ்ட் மாதம். நியூயார்க்கில் ஒரு ரயில் நிலையம். ஹெலன் பால்ஸ்கிராஃப் என்ற பெண் மகள்களோடு கடற்கரைக்குப் போக ரயிலுக்குக் காத்து நிற்கிறார். வேறொரு ரயில் கிளம்பிவிட்டது. ஒருவர் ஓடிவந்து அதில் தொற்றிக்கொள்கிறார். ரயில்வே ஊழியர் ஒருவர் மேலிருந்து இழுக்க, இன்னொருவர் கீழிருந்து தள்ள, அந்த ஆளின் கையிலிருந்த செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் தண்டவாளத்தில் விழுகிறது. உள்ளே இருந்தது பட்டாசு. வெடித்த அதிர்ச்சியில் நடைமேடையில் தள்ளி நின்ற எடை பார்க்கும் கருவி சாய்ந்து ஹெலன் மேல் விழுகிறது. ரயில்வே கம்பெனி அவருக்கு இழப்பீடு தர வேண்டுமா? வழக்கு நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1928-இல் அது நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ‘வேண்டியதில்லை’ என்று முடிவு செய்தது. எழுதியவர் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ.

அமெரிக்காவில் சட்டம் படிக்கிற அநேகமாக எல்லா மாணவர்களும் முதல் வருடத்திலேயே இந்தத் தீர்ப்பைப் படித்துவிடுகிறார்கள். இதற்கு யாரும் உரிமையாளர் கிடையாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனாலும் இதை வகுப்பில் படிக்கப் போகிற மாணவர், பெரும்பாலும் 200 டாலரைத் தாண்டும் ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார். ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், குற்றவியல், உரிமையியல் நடைமுறை, அரசியலமைப்பு என்று ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒரு புத்தகம்.

பொதுச் சொத்தான ஒன்றை அச்சடித்த புத்தகம் ஏன் இவ்வளவு விலை விற்கிறது? அதையே கணினியில் கொடுத்தால் விலை இறங்கிவிடாதா? ‘மின்னூல் வந்தால் எல்லாம் மலிவாகிவிடும்’ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது பாதிதான் சரி.

கேஸ்புக் என்றால் என்ன?

நம் ஊரில் சட்டப் பாடநூல் என்றால் பொதுவாக ஆசிரியர் ஒருவர் சட்டத்தை விளக்கி எழுதியதாக இருக்கும். அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் கதை வேறு. அங்கே பாடநூலின் பெரும்பகுதி நீதிமன்றத் தீர்ப்புகள்தான். மாணவர் தீர்ப்பை நேரடியாகப் படித்துவிட்டு வர வேண்டும். ஆசிரியர் விளக்க மாட்டார், கேள்வி கேட்பார். ‘நீதிபதி ஏன் இப்படிச் சொன்னார்? ரயிலில் ஏறியவர் கையில் பட்டாசு இருப்பது ஊழியருக்குத் தெரிந்திருந்தால்?’ இப்படித் துருவித் துருவிக் கேட்டுச் சட்டத்தை மாணவரே கண்டுபிடிக்கும்படி செய்வது அந்த முறை. இதற்கென்று தொகுக்கப்பட்ட புத்தகத்தின் பெயர்தான் கேஸ்புக்.

இதைத் தொடங்கிவைத்தவர் 1870-இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் தலைவரான கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல். அடுத்த வருடமே ஒப்பந்தச் சட்டத் தீர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். வகுப்பு முழுவதும் ஒரே தீர்ப்பை ஒரே நேரத்தில் படிக்க வேண்டுமென்றால் நூலகத்தில் இருக்கிற சில பிரதிகள் எப்படிப் போதும்? எல்லோர் கையிலும் இருக்கும்படி ஒரு தொகுப்பு தேவைப்பட்டது. எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பிறந்த ஒரு வடிவம்தான் இன்றைக்குப் பலரால் வாங்க முடியாத விலையில் நிற்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

தீர்ப்பு யாருடைய சொத்து?

1834-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்ட முன்னாள் அதிகாரி ஹென்றி வீட்டன். விளக்கமான குறிப்புகளோடு கூடிய அவருடைய தொகுதிகள் விலை அதிகம். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ், பழைய தீர்ப்புகளைச் சுருக்கி மலிவுப் பதிப்பாகப் போட்டார். தன் வியாபாரம் கெட்டது என்று வீட்டன் வழக்குப் போட்டார். அதாவது, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடித்தளமான வழக்குகளில் ஒன்று மலிவு விலைச் சட்டப் புத்தகம் பற்றிய சண்டை. நீதிபதிகள் எழுதும் தீர்ப்பின் மேல் எந்தத் தொகுப்பாளருக்கும் பதிப்புரிமை இருக்க முடியாது என்பதில் நீதிமன்றம் தெளிவாக இருந்தது.

அந்தக் கொள்கை இன்றுவரை நிற்கிறது. 2020-இல் ஜார்ஜியா மாநிலத்துக்கும் ‘பப்ளிக் ரிசோர்ஸ்’ என்ற லாப நோக்கற்ற அமைப்புக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் விரித்தது. சட்டப் பிரிவுகளோடு சேர்த்து மாநிலச் சட்டமன்றத்தின் பெயரில் தயாரான உரைக்குறிப்புகளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்றது. சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவர்கள் அதைப் படிக்க முடியாமல் யாரும் பூட்டி வைக்கக்கூடாது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

இந்தியாவிலும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நீதிமன்றம் தடுக்காத வரை தீர்ப்புகளை மறுபதிப்பு செய்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடர்ந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: தீர்ப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பத்தி பிரித்து, உள் மேற்கோள்களை இணைத்து, எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று குறித்துத் தருகிற உழைப்பில் பதிப்பாளருக்கு ஓரளவு உரிமை உண்டு.

இந்தக் கோடுதான் கேஸ்புக் விலையைப் புரிந்துகொள்ளவும் உதவும். கேஸ்புக்கில் காசு கொடுத்து வாங்குவது தீர்ப்பை அல்ல, கத்தரிக்கோலை. ஆயிரக்கணக்கான தீர்ப்புகளிலிருந்து நூறு, நூற்றைம்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுபது பக்கத் தீர்ப்பை ஆறு பக்கமாக, பொருள் கெடாமல், வெட்ட வேண்டும். எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேள்விகள், குறிப்புகள், பின்னாளில் என்ன மாறியது என்ற தகவல். போதாததற்கு ஆசிரியருக்கென்று தனியாக ஒரு கையேடு. இதைச் செய்து முடிக்கப் பேராசிரியர்களுக்கு வருடங்கள் ஆகும். இந்த உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பால்ஸ்கிராஃப் மாதிரி ஒரு தீர்ப்பை எங்கே வெட்டினால் மாணவர் மனதில் சரியான கேள்வி எழும் என்று தெரிந்திருப்பது பெரிய திறமை.

ஆனால் அந்த உழைப்பு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. சிக்கல் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது.

தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர்

மருத்துவர் சீட்டெழுதுகிறார், நோயாளி மருந்து வாங்குகிறார். மருத்துவருக்கு மருந்தின் விலை உறைப்பதில்லை. பாடநூலிலும் இதே கதைதான். எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வது பேராசிரியர். அவருக்குப் பதிப்பகம் ஒரு பிரதியை இலவசமாகவே அனுப்பிவிடும். வாங்குவது மாணவர், அவருக்குத் தேர்வு செய்யும் உரிமை இல்லை. கடையில் அரிசி விலை ஏறினால் வேறு ரகம் வாங்கலாம். பாடத்திட்டத்தில் இருக்கிற புத்தகத்துக்குப் பதில் வேறு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார முடியுமா?

இப்படிப்பட்ட சந்தையில் விலை மேலேதான் போகும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி, 2006 ஜனவரியிலிருந்து 2016 ஜூலை வரையான பத்தரை வருடத்தில் கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 சதவீதம் ஏறியிருக்கிறது. இது எல்லாத் துறைகளுக்குமான கணக்கு, சட்டத்துக்கு மட்டுமல்ல. 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உயர்கல்விச் சட்டத்தில் சில விதிகளைச் சேர்த்தது. பதிப்பகம் பேராசிரியரிடம் புத்தகத்தைக் காட்டும்போதே விலையையும் சொல்ல வேண்டும், கல்லூரி வகுப்புப் பட்டியலோடு புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணையும் விலையையும் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. நல்ல விதிகள்தான். மாணவர் முன்பே தேடிப்பார்த்துப் பழைய பிரதி வாங்க வழி செய்தன.

பழைய பிரதி என்றதும் மறுபதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஸ்புக்குகள் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு காணும். சட்டம் மாறுகிறது, அதனால் ஒரு பகுதி நியாயம். ஆனால் 1928-இல் வந்த பால்ஸ்கிராஃப் தீர்ப்பு மாறுவதில்லை. பக்க எண்கள்தான் மாறுகின்றன. அதோடு பழைய பிரதியின் மதிப்பும் விழுந்துவிடுகிறது.

முதல் வழி: பதிப்பகம் தரும் மின்பதிப்பு

அச்சு, காகிதம், லாரி வாடகை, கிடங்கு எதுவும் இல்லை. அதனால் மின்பதிப்பு அச்சுப் புத்தகத்தைவிடக் குறைந்த விலைக்குத்தான் வரும். தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், கண்பார்வை குறைந்தவர்கள் ஒலியாகக் கேட்கலாம். முதுகில் ஐந்து கிலோ சுமக்க வேண்டாம். இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

சரி, சிக்கல் எங்கே? அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது உங்களுடையது. விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், அடுத்த வருட மாணவருக்குப் பாதி விலைக்குத் தள்ளலாம். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ‘முதல் விற்பனைக் கொள்கை’ என்று பெயர். ஒரு பிரதியை நியாயமாக விற்றுவிட்ட பிறகு, அந்தப் பிரதி எங்கே போகிறது என்பதில் பதிப்பாளருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பதிப்பகம், தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று புத்தகத்திலேயே அச்சடித்திருந்தது. மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டு 1908-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

இந்தக் கொள்கை பாடநூல்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 2013-இல் மறுபடியும் தெரிந்தது. ‘இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டும் விற்பனைக்கு’ என்று அட்டையில் போட்ட மலிவுப் பதிப்புகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே மாதிரி ஆசியப் பதிப்புகள் தாய்லாந்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்செங் என்ற கணித மாணவர், ஊரிலிருக்கும் குடும்பத்தாரையும் நண்பர்களையும் அந்தப் புத்தகங்களை வாங்கி அனுப்பச் சொல்லி அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜூரி, அவர் 6 லட்சம் டாலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. கடைசியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. வெளிநாட்டில் அச்சான பிரதியானாலும் நியாயமாக வாங்கியதை மறுபடி விற்கலாம் என்றது.

மின்னூலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் வாங்குவது புத்தகம் இல்லை, படிப்பதற்கான அனுமதி. அந்த அனுமதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். வாங்கிய இசைக் கோப்புகளை மறுபடி விற்க வழி செய்த ‘ரீடிஜி’ என்ற நிறுவனத்தை 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தடுத்தது. ஒரு கோப்பை இன்னொருவர் கணினிக்கு மாற்றும்போது புதிதாக ஒரு நகல் உருவாகிறது, நகலெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்பது அதன் தர்க்கம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அச்சுப் புத்தகம் 240 டாலர். படித்து முடித்து 100 டாலருக்கு விற்கிறீர்கள். கைவிட்டுப் போனது 140. அதே புத்தகத்தின் மின்பதிப்பு 150 டாலர், விற்க முடியாது. கைவிட்டுப் போனது 150. பழைய பிரதியாகவே வாங்கி விற்றிருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும். விலைப்பட்டியலில் மலிவாகத் தெரிந்தது, கடைசிக் கணக்கில் மலிவில்லை. பழைய புத்தகச் சந்தையே இல்லாமல் போனால் பதிப்பகம் யாரோடும் போட்டி போட வேண்டியதும் இல்லை.

இது வெறும் அச்சம் இல்லை. 2014-இல் ஆஸ்பென் பதிப்பகம் சில சட்டப் பாடநூல்களுக்கு ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது. மாணவருக்கு மின்பதிப்பு நிரந்தரமாகக் கிடைக்கும், அச்சுப் புத்தகமும் வரும். ஆனால் பாடம் முடிந்ததும் அச்சுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், விற்கக்கூடாது. சட்டப் பேராசிரியர்களே கொதித்து எழுந்தார்கள். சொத்துச் சட்டத்தையே சொல்லிக்கொடுக்கிற புத்தகம், அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்றால் எப்படி? எதிர்ப்பைப் பார்த்துப் பதிப்பகம் சில நாட்களிலேயே இறங்கிவந்து, வழக்கமான முறையில் வாங்கும் வாய்ப்பும் தொடரும் என்றது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கியவர்களின் புத்தகங்கள் எல்லாம் சில மாதங்களில் திறக்க முடியாமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் மதிப்பும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு சட்ட மாணவர் வருடம் முழுக்கத் தீர்ப்புகளின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளுக்கு விலை போட முடியுமா? தேர்வுக்கு அவர் படிப்பது பாதி புத்தகம், பாதி அந்தக் குறிப்புகள்.

இரண்டாவது வழி: திறந்த கேஸ்புக்

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இங்கே மாறுவது காகிதமா திரையா என்பது இல்லை. உரிமம் மாறுகிறது.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு படைப்பை எழுதியவர், ‘இதை யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம், என் பெயரைச் சொன்னால் போதும்’ என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கிற அனுமதிச் சீட்டு அது. சிலர் ‘வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்றோ, ‘மாற்றி எழுதினால் அதையும் இதே மாதிரி திறந்துவிட வேண்டும்’ என்றோ நிபந்தனை சேர்ப்பார்கள். கேஸ்புக் ஒன்றை இப்படி வெளியிட்டால் என்ன ஆகும்? தீர்ப்பு ஏற்கெனவே பொது. இப்போது கத்தரிக்கோல் வேலையும் பொதுவாகிவிடுகிறது.

டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்கள் ஜேம்ஸ் பாயிலும் ஜெனிஃபர் ஜென்கின்ஸும் 2014-இல் அறிவுசார் சொத்துரிமை பற்றிய கேஸ்புக்கை இப்படித்தான் வெளியிட்டார்கள். கோப்பாக யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காகிதத்தில் வேண்டுமென்றால் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில், அதாவது கேட்பவருக்கு மட்டும் அச்சிட்டுத் தரும் முறையில், சுமார் 30 டாலருக்குக் கிடைத்தது. 200 டாலருக்கு மேல் விற்கிற தடித்த கேஸ்புக்கைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்க உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை அந்த விலை வெளியே சொல்லிவிட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் பீபி வணிகச் சின்னச் சட்டத்துக்கு ஒரு திறந்த கேஸ்புக் எழுதி, தொடர்ந்து புதுப்பித்து வருகிறார். அதை வேர்ட் கோப்பாகவும் தருகிறார் என்பதுதான் முக்கியம். வேறொரு பேராசிரியர் தனக்குத் தேவையில்லாத அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, தன் மாநிலத் தீர்ப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேலி (CALI) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கணினி வழிச் சட்டக் கல்விக்காக 1982-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் சேர்ந்து தொடங்கியது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அதில் உறுப்பினர்கள். அது நடத்தும் இலவசப் பதிப்பகத்துக்கு லாங்டெல்லின் பெயரையே வைத்து ‘ஈலாங்டெல்’ என்று அழைக்கிறார்கள். பேராசிரியர்கள் எழுதும் கேஸ்புக்குகளைப் பல கோப்பு வடிவங்களில் அங்கே இறக்கிக்கொள்ளலாம்.

இலவசத்துக்கும் 200 டாலருக்கும் நடுவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சட்டப் பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய செமஃபோர் பிரஸ், விலையை மாணவர் கையிலேயே விட்டது. ஒவ்வொரு வகுப்பு நேரத்துக்கும் ஒரு டாலர் என்று வைத்து, புத்தகத்துக்குச் சுமார் 30 டாலர் கொடுங்கள் என்று கேட்டார்கள். முடியாதவர் குறைத்துக் கொடுக்கலாம். எழுதியவருக்கும் ஏதோ கிடைக்கிறது, படிப்பவருக்கும் வதை இல்லை. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம், ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் ‘எச் டு ஓ’ (H2O) தளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திறந்த கேஸ்புக் எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. பேராசிரியர் ஒரு வழக்கின் பெயரைத் தட்டினால் தீர்ப்பின் முழு உரையும் வரும். வேண்டாத பத்திகளைத் தேர்ந்தெடுத்து மறைக்கலாம். அழித்துவிடுவதில்லை, மறைக்கிறார், மாணவர் சொடுக்கினால் மறைந்திருப்பதையும் படிக்கலாம். அச்சு கேஸ்புக்கில் மூன்று புள்ளிகளைப் போட்டு வெட்டிவிட்டால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று மாணவருக்குத் தெரியாது. இங்கே தெரியும். தன் குறிப்பைப் பத்திக்குப் பக்கத்தில் சேர்க்கலாம். வேறொருவர் தொகுத்த புத்தகத்தை அப்படியே நகலெடுத்துத் தனக்கு வேண்டியபடி மாற்றலாம். கடைசியில் கோப்பாக எடுத்து அச்சிடலாம்.

இதற்கு வேண்டிய மூலப்பொருளும் அதே நூலகத்திலிருந்து வந்தது. ஹார்வர்ட் நூலகம் தன்னிடமிருந்த சுமார் 40,000 தீர்ப்புத் தொகுதிகளின் முதுகை வெட்டிப் பிரித்து, 4 கோடி பக்கங்களை ஸ்கேன் செய்தது. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். ரேவல் லா என்ற நிறுவனம் பணம் போட்டது, பதிலுக்குச் சில வருடங்கள் மொத்தமாக இறக்கிக்கொள்வதில் கட்டுப்பாடு இருந்தது. 2018-இல் தளம் பொதுமக்களுக்குத் திறந்தது, 2024-இல் அந்தக் கட்டுப்பாடும் முழுவதும் விலகியது. வீட்டன் வழக்கில் கொள்கையாகச் சொன்னது நடைமுறையாக 190 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

இலவசத்துக்கும் யாரோ கொடுக்கிறார்கள்

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் இதற்கு மாறவில்லை?

முதலில் பணம். திறந்த புத்தகத்துக்கு மாணவர் கொடுக்கவில்லை என்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். கேலி அமைப்புக்கு உறுப்பினர் கல்லூரிகள் சந்தா கட்டுகின்றன. எச் டு ஓ தளத்தை ஹார்வர்ட் நூலகம் தாங்குகிறது. எழுதும் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது. ஒரு கல்லூரி நூறு மாணவர்களின் புத்தகச் செலவைக் குறைக்க, ஒரு பேராசிரியருக்கு ஒரு பருவம் பாடச் சுமையைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களுக்குப் புத்தக விலை தலைவலி இல்லை. மறுபடியும் மருத்துவர், நோயாளி கதைதான்.

அடுத்தது பழக்கம். ஒரு கேஸ்புக்கை வைத்துப் பதினைந்து வருடம் பாடம் எடுத்தவர் வகுப்புக் குறிப்புகள், தேர்வுக் கேள்விகள் எல்லாவற்றையும் அதன் வரிசையில் கட்டி வைத்திருப்பார். புத்தகத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பதிப்பகத்தின் புத்தகம் ஆசிரியர் கையேட்டோடு வருகிறது, திறந்த புத்தகங்கள் பலவற்றில் அது இருக்காது.

உரிமைச் சிக்கலும் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. தீர்ப்பு பொது, நாடாளுமன்றச் சட்டம் பொது. ஆனால் தீங்கியல் (பால்ஸ்கிராஃப் போல, பிறரால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்டம்), ஒப்பந்தம் போன்ற பாடங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும், தீர்ப்புகளிலிருந்து சட்ட விதிகளைத் திரட்டிச் சொல்லும் ‘ரீஸ்டேட்மென்ட்’ தொகுப்புகள் அமெரிக்கச் சட்டக் கழகம் என்ற தனியார் அமைப்பின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. அவற்றிலிருந்து நீளமாக எடுத்துப் போட அனுமதி வாங்க வேண்டும். இதழ்க் கட்டுரைகளும், படங்களும் அப்படித்தான்.

கடைசியாகத் திரை. நீளமான தீர்ப்பைக் கோடு போட்டு, ஓரத்தில் எழுதிப் படிக்கப் பலருக்கும் காகிதம்தான் தோது. புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுகளிலும், தேர்வு மென்பொருள் மடிக்கணினியில் மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் மின்னூலைத் திறக்கவே முடியாது, கையில் காகிதம் இருந்தால்தான் உண்டு. அதனால்தான் பிரிண்ட் ஆன் டிமாண்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மின்பதிப்பு என்பது காகிதத்தை ஒழிப்பது என்று நினைக்க வேண்டாம். கோப்பு உங்கள் கையில் இருந்தால் காகிதமும் மலிவாகும்.

அமெரிக்காவில் சட்ட மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு, ரூபாயில் சேர்த்த காசை டாலரில் செலவழிக்கப் போகிறவர்களுக்கு, ஒரு வார்த்தை. பாடத்திட்டம் வந்ததும் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். முந்தைய பதிப்பு போதுமா என்று பேராசிரியருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதில் தயக்கமே வேண்டாம், எத்தனையோ மாணவர்கள் கேட்கிற கேள்விதான் அது. மின்பதிப்பு வாங்குவதாக இருந்தால் விலைக்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் திறக்கும், எத்தனை பக்கம் அச்சிட விடும், உங்கள் குறிப்புகளை வெளியே எடுக்க முடியுமா. நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியைச் சில மணி நேர இரவலுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படிக்கப் போகாதவர்களும் ஒரு மாலை நேரத்தில் எச் டு ஓ தளத்துக்குப் போய் ‘பால்ஸ்கிராஃப்’ என்று தேடிப் பாருங்கள். பதிவு செய்ய வேண்டாம், காசு வேண்டாம். அந்தத் தீர்ப்பு வெவ்வேறு பேராசிரியர்களின் தொகுப்புகளில் வெவ்வேறு இடத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். அவற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கார்டோசோவோடு மாறுபட்டு நீதிபதி ஆண்ட்ரூஸ் எழுதியதை யார் எவ்வளவு விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மறைத்த பத்திகளையும் சொடுக்கித் திறந்து படிக்கலாம்.